செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாத சந்தை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். கூடையைச் சுற்றிக் குந்தும் பெண்கள் எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. கட்டைவிரலால் செவுளைத் தூக்கி நிறம் பார்க்கிறார்கள். கண் உள்வாங்கியிருக்கிறதா என்று கவனிக்கிறார்கள். வயிற்றுப் பக்கம் ஒரு விரலை அழுத்தி, அந்தக் குழி உடனே மேலெழுகிறதா என்று பார்க்கிறார்கள். செவுளில் தங்கிய ரத்தம் ஆக்சிஜனேற்றத்தால் பழுப்பாகும், தசை நொதிகளால் இளகும் என்ற இரண்டு வேதியியல் உண்மைகளும் அந்தப் பத்து நொடிச் சோதனையில் அடங்கியிருக்கின்றன.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலும் இப்போது பாதி நாள் மீன் கைப்பேசி வழியாகத்தான் வருகிறது. தோல் நீக்கி, துண்டு போட்டு, பிளாஸ்டிக் தட்டில் அடைத்து வரும் வஞ்சிரத்துக்குச் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தைக்கு என்ன நேரும் என்பதைப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார்களை வைத்து விளக்கினார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதவர் இரண்டுக்கும் நடுவான விலையையே கொடுப்பார். அந்த விலை கட்டுப்படியாகாத நல்ல சரக்குக்காரர் முதலில் சந்தையை விட்டு வெளியேறுவார். மீனுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆகவே இணையச் சந்தையில் செவுளின் இடத்தை வேறு ஏதேனும் நிரப்பியாக வேண்டும்.

அந்த வேலையைச் செய்யும் அளவுகளில் ஒன்று 1959-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வகுத்த கே-மதிப்பு. மீன் இறந்ததும் அதன் தசையிலுள்ள ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு படிப்படியாகச் சிதைகிறது. இடையில் உருவாகும் ஐஎம்பி என்ற பொருள்தான் புது மீனுக்கு இனிய சுவையைத் தருகிறது. அதுவும் சிதைந்து இனோசினாகவும், பிறகு கசப்புடைய ஹைப்போசாந்தினாகவும் மாறுகிறது. ஏடிபியும் அது சிதைந்து உண்டான பொருள்களும் சேர்ந்த மொத்தத்தில் இந்தக் கடைசி இரண்டும் எத்தனை விழுக்காடு என்பதே கே-மதிப்பு. பச்சையாக உண்ணும் மீனுக்கு அது 20-க்குள் இருக்க வேண்டும் என்பது ஜப்பானிய வழக்கம். துண்டு போட்ட மீனிலும் இதை அளக்கலாம் என்பதுதான் நமக்கு முக்கியம்.

இன்னொன்று வெப்பநிலை. ஆஸ்திரேலியாவில் ஜூன் ஆலி, டேவிட் ராட்கோவ்ஸ்கி ஆகியோரின் ஆய்வுகளிலிருந்து கிடைத்த எளிய கணக்கு இது: செல்சியஸ் வெப்பநிலையைப் பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணை அதனாலேயே பெருக்கினால், ஐஸில் இருப்பதைவிட மீன் எத்தனை மடங்கு வேகமாகக் கெடுகிறது என்பது தெரியும். 4 டிகிரியில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 10 டிகிரியில் நான்கு மடங்கு. ஐஸில் பன்னிரண்டு நாள் தாங்கும் மீன் 10 டிகிரியில் மூன்று நாளே தாங்கும். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியில் ஐஸ் முழுவதும் தண்ணீராகியிருந்தது. அந்த மீன் எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் கிடந்தது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருந்திருந்தால், அந்த மீனின் மிச்ச ஆயுளை இந்தக் கணக்கே சொல்லியிருக்கும்.

மூன்றாவது கேள்வி, வந்தது வஞ்சிரம்தானா என்பது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட் 2003-ல் முன்வைத்த முறையில், ஏறத்தாழ 650 எழுத்துகள் நீளமுள்ள ஒரு மரபணுத் துண்டைப் படித்தே இனத்தைச் சொல்லிவிடலாம். கொடுவா என்ற பெயரில் பாசா என்ற வளர்ப்புக் கெளுத்தியின் துண்டுகள் விற்கப்பட்டால் இதில் அகப்பட்டுவிடும். ஆனால், படித்த எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நூலகம் வேண்டும். செங்கடலிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவித் திரியும் வஞ்சிரத்தின் எல்லா வகை மாறுபாடுகளையும் எந்த ஒரு நாடும் தனியாகச் சேகரித்துவிட முடியாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2005-ல் 207 வகை மீன்களின் மரபணுக் குறியீட்டை வெளியிட்டார்கள். மற்ற நாடுகளும் தத்தம் கடல் மீன்களைச் சேர்த்ததால்தான் அந்த நூலகம் பயன்படத்தக்கதாக வளர்ந்தது.

பல நாட்டு ஆய்வகங்கள் கைகோப்பதற்கு இதைவிட ஆழமான காரணமும் உண்டு. 2008-ல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலக்கப்பட்டு ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். பாலில் புரதம் எவ்வளவு என்று பார்க்கும் வழக்கமான சோதனை உண்மையில் நைட்ரஜனையே அளக்கிறது. மெலமினில் நைட்ரஜன் மிகுதி. சோதனை எதை அளக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் அந்தக் கலப்படத்தைச் செய்தார்கள். ஆகவே, ஒரே சோதனையை ஒரே இடத்தில் செய்து முத்திரை குத்துவதை நம்பியிருக்க முடியாது என்பது உலகுக்கே உறைத்தது. 2013-ல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி என்று விற்றதில் குதிரை இறைச்சி இருந்தது வெளிவந்தபோது அங்கும் அதே அதிர்ச்சி. இவற்றின் பின்னணியில் 2017-ல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் ஐரோப்பிய, சீன ஆய்வகங்கள் ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. ஓர் ஆய்வகத்தின் முடிவை மற்றொன்று ஏற்கத்தக்க வகையில் முறைகளை ஒன்றாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று.

இது நடைமுறையில் எப்படி நடக்கிறது? ஒரே மீன் தசையை அரைத்துச் சீராகக் கலந்து, குப்பிகளில் உறையவைத்துப் பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். அடுத்தவர் கண்டது என்ன என்று தெரியாமலேயே ஒவ்வொருவரும் அளந்து அனுப்ப வேண்டும். பொது மதிப்பிலிருந்து மூன்று திட்டவிலக்கங்களுக்கு (முடிவுகளின் வழக்கமான சிதறலைக் காட்டும் அளவு) மேல் விலகிய ஆய்வகம் தன் கருவியையும் முறையையும் திருத்திக்கொண்டாக வேண்டும். நம் ஊர் ஆய்வகத்தின் சான்றுத் தாளுக்கு மதிப்பு வருவதே, நம் மீனில் எந்த லாபமும் இல்லாத இன்னொருவர் அதே எண்ணைக் கண்டிருக்கிறார் என்பதால்தான்.

மீன் கெடாமல் இருக்கச் சிலர் கள்ளத்தனமாகக் கலக்கும் ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) விஷயத்தில் இந்த ஒப்பீடு இன்னும் அவசியம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய தாள் சோதனை சில நிமிடங்களில் நிறம் மாறிக் காட்டிவிடும். ஆனால் தும்பிலி போன்ற சில மீன்களின் உடலிலேயே, இறந்த பிறகு நொதிச் செயலால் ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. யாரும் கலக்காததைக் கலந்ததாகச் சொல்லி ஒரு கூடைக்காரம்மாவின் பிழைப்பைக் கெடுத்துவிடாதிருக்க, எந்த மீனில் இயல்பாக எவ்வளவு இருக்கும் என்ற தரவு வேண்டும்.

1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தது. அதன்பின் நம் ஏற்றுமதி ஆலைகளில் கட்டுப்பாடுகள் இறுகின, எந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்ற பதிவும் கட்டாயமானது. கடல் கடந்து போகும் இறாலுக்குக் கிடைக்கும் அந்தக் கவனிப்பு ராயபுரத்து அடுப்புக்கு வரும் மீனுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசையாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பெரிய கருவிகள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஃபைபர் படகுகள் மட்டுமே கடலுக்குப் போகும். பெரிய மீன் பலவும் அப்போது மேற்குக் கரையிலிருந்து லாரியில் வருகிறது. மே மாதத்தில் வரும் பொட்டலத்தில் கரை இறங்கிய துறைமுகத்தின் பெயரும் தேதியும் அச்சிட்டிருந்தால் போதும். அன்று எந்தப் படகு போனது, எது போகவில்லை என்று இங்குள்ள எந்த வீட்டிலும் சொல்லிவிடுவார்கள்.