நிறைகோப்பை தளும்பாது

கொடைக்கானலில் ஏரியை ஒரு சுற்று குதிரையில் வந்துவிட்டு இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தவராம் அந்த வாசகர். இப்போது ஐஸ்லாந்துக் கிராமப்புறத்தில் ஆறு நாள் குதிரைச் சவாரி முடித்துத் திரும்பியிருக்கிறார். கடைசி நாள் பண்ணைக்கு வந்து சேர்ந்ததும், வழிகாட்டி விளிம்புவரை பீர் ஊற்றிய கோப்பையை ஒரு கையில் ஏந்தி, குதிரையை விரட்டி மைதானத்தை ஒரு சுற்று வந்தாராம். நுரைகூடக் கலையவில்லை. "எனக்கும் இந்த முறை இடுப்பு வலிக்கவே இல்லை. எப்படி சார்?" என்று கேட்கிறார். (அங்கே இந்தக் கோப்பை விளையாட்டைப் போட்டியாகவே நடத்துகிறார்கள்.)

நம்மூர்க் குதிரை நடையிலிருந்து வேகமெடுத்தால் துள்ளோட்டத்துக்கு மாறும். முன்னிடது காலும் பின்வலது காலும் சேர்ந்து இறங்கும். அடுத்து மற்ற ஜோடி. இரண்டுக்கும் நடுவே நான்கு குளம்புகளும் ஒரு கணம் அந்தரத்தில். மேலே போன உடம்பு கீழே வந்தாக வேண்டுமே, அந்த அடிதான் சேணம் வழியாக நம் இடுப்பில் இறங்குகிறது. ஐஸ்லாந்துக் குதிரைக்கு 'டோல்ட்' என்று இன்னொரு நடை உண்டு. பின்னிடது, முன்னிடது, பின்வலது, முன்வலது என்று குளம்புகள் ஒவ்வொன்றாக விழும். எந்நேரமும் ஒரு குளம்பாவது மண்ணில் இருக்கும். காதால் கேட்டால் துள்ளோட்டம் 'தக தக', டோல்ட் 'தகதிமி தகதிமி'.

இந்தத் தாளத்தைப் போடுவது யார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மூளை இல்லை. 'கிளம்பு', 'வேகமாக' என்ற உத்தரவு மட்டும்தான் அங்கிருந்து வரும். எந்தக் கால் எப்போது என்ற கணக்கெல்லாம் தண்டுவடத்தில். அங்கே சில நரம்பணுக்கள் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், 'நீ பொறு, இது என் முறை' என்று அந்தப் பக்கத்தை அடக்கி வைக்கின்றன. 2012-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் லீஃப் ஆண்டர்சன் குழு ஐஸ்லாந்துக் குதிரைகளின் மரபணுக்களை அலசியது. டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து பிசகியிருந்தது: 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ'. அந்த ஓரெழுத்து அங்கே முற்றுப்புள்ளியாகிவிட, புரதம் முழுதாகாமல் நின்றுவிடுகிறது. அதே பல்கலைக்கழகத்தில் எலிகளின் தண்டுவடத்தை ஆராய்ந்துகொண்டிருந்த கிளாஸ் குல்லாண்டர் குழுவும் இதே மரபணுவில் வந்து நின்றது. அது வேலை செய்யும் இடம், நடுக்கோட்டைத் தாண்டும் அதே நரம்பணுக்கள்! அங்கே பிடி தளர்ந்ததும், குறுக்குக் கால்கள் ஜோடி சேர்ந்தே ஓட வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்துவிடுகிறது. பிசகிய பிரதி அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்திருந்தால், ஒரே பக்கத்து இரு கால்களும் சேர்ந்து பாயும் இன்னொரு நடையும் பெரும்பாலும் கைவரும்.

எலியின் தண்டுவடத்தைக் குடைய எதற்குக் காசு என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. குதிரைக்குச் சுழி பார்த்து ராசி சொல்ல மட்டும் நம்மிடம் வேண்டிய பொறுமை இருக்கிறது.

வாசகருக்கு இன்னொரு வருத்தமும் இருக்கிறது. கடைசி நாள் சேணத்தைக் கழற்றியதும் குதிரை தரையில் புரண்டு எழுந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் மந்தைக்குள் போய்விட்டதாம். அவராவது மறுபடி போய்ப் பார்க்கலாம். நோய் புகுந்துவிடும் என்ற பயத்தில், நாட்டைவிட்டு வெளியேறிய குதிரையை ஐஸ்லாந்து திரும்ப உள்ளே விடுவதில்லை. வெளிநாட்டில் பயன்படுத்திய சேணத்துக்கும் அனுமதி கிடையாது. வெளிநாட்டில் நடக்கும் உலகப் போட்டிக்குக் குதிரையோடு போகும் ஐஸ்லாந்து வீரர், ஜெயித்தாலும் குதிரையை அங்கேயே யாரிடமாவது விட்டுவிட்டு, கோப்பையோடு மட்டும் விமானம் ஏறுகிறார்.