செலவைக் குறைப்பேன் என்கிற எம்.பி.யை எங்கே தேடுவது?

நவம்பர் 30 வருமான வரிப் படிவத்துக்குக் கடைசி நாள். அதனால் மட்டக்களப்பில் கணக்காளராக இருக்கிற எனக்கு அந்த மாதம் முழுக்கக் கூட்டம்தான். அரிசி ஆலைக்காரர், ஹார்ட்வெயார் கடைக்காரர், சிறு ஒப்பந்தக்காரர் என்று யார் வந்தாலும் கையெழுத்துப் போட்ட கையோடு இதைத்தான் கேட்பார்கள்: "இவ்வளவு வரியையும் எடுத்து என்னதான் செய்றாங்க சேர்? செலவைக் குறைங்க எண்டு பேச ஒரு எம்.பி.யும் இல்லையா?"

இருக்கலாம். ஆனால் மேடையில் தேடினால் இலங்கைப் பாராளுமன்றத்தின் 225 பேரும் சிக்கனக்காரர்கள்தான்.

முதலில், வரியைக் குறைப்பேன் என்கிறவரையும் செலவைக் குறைப்பேன் என்கிறவரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியபோது என்னிடம் வருகிறவர்களில் கைதட்டாதவர் குறைவு. செலவு அதற்கேற்பக் குறையவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடு அறிவித்ததற்கு அது மட்டும் காரணமில்லைதான். ஆனால் அதுவும் ஒரு காரணம். 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமானது. செலவைத் தொடாமல் வரியை மட்டும் குறைக்கிறவர் பிள்ளைகளின் பெயரில் கடன் வாங்குகிறார், அவ்வளவுதான்.

அடுத்தது வாக்கெடுப்புகள். எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிற வாக்கெடுப்பை வைத்து ஒருவரையும் அளக்க முடியாது. முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டமூலம் 2025 செப்டெம்பரில் 151க்கு 1 என்று நிறைவேறியது. நல்ல சட்டம். ஆனால் அதற்குக் கை தூக்கியதால் எந்த எம்.பி.யும் தன் வாக்காளரில் ஒருவரைக்கூட இழக்கவில்லை. பாதுகாப்புச் செலவும் அப்படித்தான். எங்கள் தமிழ் உறுப்பினர்கள் அதைக் குறைக்கச் சொல்வது நியாயமானது, என் கருத்தும் அதுதான். ஆனாலும் மட்டக்களப்பில் நின்று அதைச் சொல்வதற்குப் பெரிய துணிச்சல் தேவையில்லை.

வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தைப் பாருங்கள். அங்கே ஒவ்வோர் அமைச்சின் செலவுத் தலைப்பும் தனித்தனியாக எடுக்கப்படும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, மரபுப்படி இந்தத் தலைப்பில் 10 ரூபாவைக் குறைக்க வேண்டும் என்று பிரேரிப்பார். கோடி கோடியாக ஒதுக்கிய இடத்தில் 10 ரூபா! விவாதத்தைத் தொடக்கி வைக்கிற சடங்கு அது. வேடிக்கை அதற்குப் பிறகுதான். வெட்டுக் கேட்டுத் தொடங்கிய அமர்வில் பேசுகிறவர்களில் பலர் தங்கள் ஊருக்குப் பாலம், கட்டிடம், ஆளணி என்று மேலதிகமாகக் கேட்டுவிட்டு உட்காருவார்கள். உரைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் பேசியது தமிழிலேயே அச்சாகியிருக்கும். உங்கள் உறுப்பினரின் உரையை எடுத்து, கூட்டக் கேட்டது எத்தனை, குறைக்கச் சொன்னது எத்தனை என்று இரண்டு நிரல் போட்டுப் பாருங்கள். இரண்டாவது நிரல் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். வெறுமையாக இல்லாதவர்தான் உங்கள் ஆள்.

அரசியலமைப்பின் 152ஆவது உறுப்புரைப்படி, அரச நிதியைச் செலவிடும் சட்டமூலத்தை அமைச்சர் ஒருவர்தான் கொண்டுவரலாம். ஆகவே சாதாரண உறுப்பினர் தன் கையால் புதுச் செலவை உருவாக்க முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம், எதிர்த்து வாக்களிக்கலாம். ஒதுக்கிய பணம் போதாமல் மேலும் கேட்டு வருட நடுவில் வரும் குறைநிரப்பு மதிப்பீடுகளைக் கவனியுங்கள். வரவு செலவுத் திட்டத்துக்கு நவம்பரில் இருக்கிற ஆரவாரத்தில் ஒரு துளியும் அவற்றுக்கு இருக்காது. பாராளுமன்றக் குழுக்களான கோபா (அரசாங்கக் கணக்குகள்), கோப் (அரச நிறுவனங்கள்), அரசாங்க நிதி பற்றிய குழு ஆகியவற்றையும் பாருங்கள். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, தன் கட்சி நியமித்த அரச நிறுவனத் தலைவரையே குடைகிற உறுப்பினர் அங்கேதான் அகப்படுவார். 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதம் என்று எல்லை கட்டியிருக்கிறது. அந்த எல்லையை யார் ஞாபகப்படுத்துகிறார் என்றும் பாருங்கள்.

எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் காந்தி பூங்காவில் மாதக்கணக்காக இருந்தார்கள். அவர்களிடம் போய், அரச வேலை இனி இல்லை என்று சொல்லக்கூடிய எம்.பி. யார்? தனியார் துறை இவ்வளவு மெலிந்த மாவட்டத்தில் அப்படிச் சொல்வது எனக்கே கஷ்டம். ஊர் வேலைகளுக்கு எம்.பி. பிரித்துக் கொடுக்கிற பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் அப்படித்தான். செலவு கூடிப்போச்சு என்று என் மேசையில் குறைப்படுகிற அதே ஒப்பந்தக்காரர், தன் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடச் சொல்லி அடுத்த கிழமை எம்.பி. வீட்டு வாசலில் நிற்பார். அவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், "மறுகா, மற்றவனுக்குக் குடுக்கிறதா?" என்பார்.

இங்கே பேசப்படாத சிக்கனம் வேறொன்று இருக்கிறது. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், சி, டி வகை மாகாணத் திணைக்களத்திடம், உள்வீதி பிரதேச சபையிடம். பாடசாலைகளில் தேசியப் பாடசாலை கொழும்பிடம், மற்றவை மாகாணத்திடம். நீர்ப்பாசனத்திலும் மத்திக்கு ஒரு திணைக்களம், மாகாணத்துக்கு ஒன்று, சிறு குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம். ஒரே வேலைக்கு இத்தனை அலுவலகம், வாகனம், பணிப்பாளர். மாகாணங்களுக்கு அதிகாரம் பகிர்கிற 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்து என்கிற தமிழ் உறுப்பினரும், செலவைக் குறை என்கிற சிங்கள உறுப்பினரும் கைகோக்கக்கூடிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். இரட்டிப்பை நீக்கினால் இருவருக்கும் வேண்டியது கிடைக்கும். ஆனால் கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017இலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு மாகாணப் பணத்தை ஆளுநர் பார்க்கிறார். கேள்வி கேட்கத் தெரிவான உறுப்பினர் ஒருவருமில்லை.

எம்.பி.யிடம் போனால் "செலவைக் குறைப்பதை ஆதரிக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஓம் என்றுதான் சொல்வார். "எங்கள் மாவட்டத்தில் எந்தச் செலவை நிறுத்தலாம்?" என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்றையாவது பெயர் சொல்லிப் பதில் அனுப்பினால், அவர் எந்தக் கட்சியானாலும் பெயரைக் குறித்து வையுங்கள். வேட்பாளர்களுக்குப் போடுகிற விருப்பு வாக்கு மூன்று இருந்தாலும் அவை ஒரே கட்சிக்குள்தான். இரண்டு கட்சியில் இரண்டு நல்லவர் அகப்பட்டால் தேர்தலன்று ஒருவரை விடத்தான் வேண்டும். மற்றவருக்குக் கடிதமாவது போடலாம்.