களப்பணியா, கள ஆய்வா?

இலங்கையின் கிழக்குக் கரையில் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டு முற்றம். சர்வதேச அபிவிருத்தியில் முதுமாணி படிக்கும் வெளிநாட்டு மாணவி ஒருவருக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். “மனே, இந்தப் புள்ள என்னத்துக்கு வந்திரிக்கி?” என்று வீட்டு அம்மா கேட்டார். “களப்பணிக்கு” என்றேன். “அப்ப கிணறு கட்டித் தருவாங்களா?” என்றார்.

பிழை என் சொல்லில்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்குக் களப்பணி என்று வந்தவர்கள் கூடாரமோ வலையோ வீடோ தந்தவர்கள். மாணவியிடம் இருந்தது கேள்விக்கொத்து மட்டும்.

களப்பணி என்று நாம் மொழிபெயர்க்கும் ஃபீல்ட்வேர்க் என்பது ஆங்கிலத்தில் முதலில் போருக்காக அவசரமாக எழுப்பும் மண் அரணைக் குறித்தது. பிறகு வெளியில் போய்ச் செடிகொடிகளையும் உயிரினங்களையும் ஆராய்ந்தவர்களின் சொல்லானது. அதை மானிடவியலுக்குக் கொண்டுவந்தவர் விலங்கியலாளர் ஆல்பிரட் ஹேடன் என்பார்கள். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைக்கு அவரோடு ஆய்வுக்குப் போன செலிக்மன் என்பவர், 1907–08இல் மனைவியுடன் இலங்கை வந்து இங்குள்ள பழங்குடிகளான வேடர்களை ஆராய்ந்தார். நமது கிழக்குக் கரையோர வேடரைப் பற்றியும் எழுதினார்.

தமிழில் களம் என்றால் திறந்த வெளியிடம். மட்டக்களப்பில் உள்ள ‘களப்பு’ வேறு சொல். அது ஆழமில்லாத வாவி. களத்தை அறிய வயலுக்குத்தான் போகவேண்டும். முன்பெல்லாம் வேளாண்மை வெட்டி, கதிர்களைக் குவித்துச் சூடு வைத்து, களவெட்டி என்ற சூடடிக்கும் இடத்தில் மிதித்து, தூற்றி, ‘பொலி’ என்று சொல்லி நெல்லைக் குவிப்பார்கள். நிலம் வைத்திருக்கும் போடியாருக்கு எவ்வளவு, வேலை செய்த வயற்காரருக்கு எவ்வளவு என்பதும் அங்கேயே தீரும். போர் நடக்கும் இடமும் களம்தான். ‘ஏரோர் களவழி அன்றிக் களவழித் தேரோர் தோற்றிய வென்றியும்’ என்று தொல்காப்பியம் உழவர் களத்தையும் வீரர் களத்தையும் ஒரே தொடரில் வைக்கிறது. அதனால் ஃபீல்ட் என்பதற்குக் களம் என்று வைத்தவர்கள் நல்ல சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

சிக்கல் பின்பாதியில் இருக்கிறது. பணி என்றால் தொண்டு, கடமை. குடும்பநல மாதுவும் வெளிக்கள உத்தியோகத்தரும் செய்வது களப்பணி. அதிகாரிகள் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவது கள விஜயம். மாணவர் வந்து தங்கி, கேட்டு, பார்த்து, எழுதிக்கொண்டுபோவது கள ஆய்வு. ஆய்வுக்கு ஊராரிடம் சம்மதம் வாங்கும் படிவத்தில் இந்த வேறுபாடு கட்டாயம் வேண்டும். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் வாங்கும் கையெழுத்து சம்மதமே இல்லை.

சரி, இதை ‘வெளிநாட்டுக் கள ஆய்வு’ என்று சொல்லலாமா? வெளிநாட்டிலிருந்து வருகிறவர் அப்படி எழுதலாம். சிக்காகோ பல்கலைக்கழக மானிடவியல் மாணவராக டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் 1971 வரை இதே கரையிலுள்ள அக்கரைப்பற்றில் ஆய்வு செய்தபோது அவருக்கு அது வெளிநாடு. அக்கரைப்பற்றாருக்கு ஊர். நாம் தமிழில் எழுதும்போது ‘வெளிநாட்டு மாணவரின் கள ஆய்வு’ என்றே எழுதவேண்டும். நம் வீட்டு முற்றத்தை நாமே வெளிநாடு என்று எழுதக்கூடாது.

அப்புறம் அடுத்த வீட்டில் நான் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. “படிப்புக்காகக் கேட்டு எழுத வந்திரிக்கா. தர ஒண்டும் இல்ல” என்றேன். அந்த ஐயா கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து விரித்தார்.