காலி பாட்டிலும் கரி வரியும்

நீலகிரி டாஸ்மாக் கடைகளில் 2022 மே மாதம் முதல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கைக்கு வந்துவிடும். காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்த ஏற்பாடு இது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. வளைவுக்கு வளைவு வைத்த அறிவிப்புப் பலகைகள் சாதிக்காததைப் பத்து ரூபாய் சாதித்தது. குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும், பின்னால் ஒருவர் சாக்கோடு வந்து பொறுக்கிவிடுவார்.

கரி வரியும், அதாவது கரியமில வாயுவை வெளியே விடுவதற்குப் போடும் வரியும், இதே கணக்குத்தான். யானைக்கு ஆகும் காயம் பாட்டிலின் விலையில் சேராத மாதிரி, அனல்மின் நிலையம் விடும் கரியமில வாயுவின் சேதம் கரண்ட் பில்லில் ஏறுவதில்லை. அடுத்தவர் தலையில் விழும் செலவை வரியாக்கி விலையிலேயே ஏற்றிவிடுங்கள் என்றார் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் பிகூ, 1920-இல். ஏற்றிவிட்டால் யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அரசு ஆள் ஆளாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்குக் குறைப்பது மலிவோ அவர் முதலில் குறைப்பார்.

இந்தியாவும் செய்து பார்த்தது. 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் வரி. 2016-க்குள் 400 ஆனது. தூய ஆற்றலுக்கு என்று வசூலான பணம், 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போய்விட்டது.

சிக்கலே அங்கேதான்: பணம் யாரிடம் திரும்பி வருகிறது? கனடா எரிபொருள் வரியின் பெரும்பங்கைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. ஆனாலும் 2025 ஏப்ரலில் பொதுமக்களுக்கான அந்த வரியைக் கைவிட நேர்ந்தது. பங்க்கில் கட்டும் காசு ஒவ்வொரு முறையும் கண்ணில் படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழுவதை யார் கவனிக்கிறார்கள்? டாஸ்மாக்கில் கொடுத்த கையிலேயே காசு திரும்புகிறது.

கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்பதும் உண்டு. தேயிலையை வாட்டி உலர்த்த ஃபேக்டரிக்குச் சூடு வேண்டும், மின்சாரம் வேண்டும். அந்தச் செலவு கூடினால் குன்னூர் ஏலத்தில் விலையைக் கூட்டிச் சொல்ல ஃபேக்டரிக்காரரால் முடியாது. அங்கே விலை வாங்குபவர் கையில். அவரால் குறைக்க முடிவது, சிறு விவசாயிக்குக் கொடுக்கும் பச்சைத் தேயிலை விலையைத்தான். புகைபோக்கிக்குப் போட்ட வரி அரை ஏக்கர் தோட்டத்தில் வந்து இறங்கும்.

சாக்கோடு வந்தவருக்கும் கரிச் சந்தையில் ஓர் இணை உண்டு: மரம் நட்டு, காற்றிலிருந்து கரியைப் பொறுக்கினேன் என்று சொல்லி, அதற்கான சான்றாகக் கார்பன் கிரெடிட் விற்பவர். பாட்டிலை எண்ணிவிடலாம், அதில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்துவிடலாம். மரம் பொறுக்கிய கரியை மதிப்பிடத்தான் முடியும். நடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் ஊகிக்க வேண்டும். நம் மலையில் இது இன்னும் வம்பு. சோலையை ஒட்டிய புல்வெளி தன் கரியின் பெரும்பகுதியை மண்ணுக்குள் வைத்திருக்கிறது. மேலே பார்ப்பவருக்கு வெறும் தரிசு. மரத்தை எண்ணிப் பணம் கொடுத்தால் அந்தத் தரிசில் வெளிநாட்டு மரமான சீகையை (வாட்டில்) நடச் சொல்வார்கள். ஒரு காலத்தில் அப்படி நட்டுப் பரவிய சீகையைத்தான் வனத்துறை இப்போது வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது.