ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்: வாயை இறுக்கும் நோய்க்குத் தமிழில் என்ன பெயர்?

மூன்று விரல்களை நுழைக்கும் அளவுக்குத் திறக்க வேண்டிய வாய், ஒரு விரலை நுழைக்கவே திணறும் நிலைக்கு வந்த ஒருவர் பல் மருத்துவரிடம் சென்றால், அவருடைய சீட்டில் பெரும்பாலும் 'ஓ.எஸ்.எம்.எஃப்.' என்ற நான்கு எழுத்துகள் மட்டும் எழுதப்படும். 'ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்' என்பதன் சுருக்கம் அது. காரம் பட்டால் எரிவதும், கன்னத்தின் உட்புறம் வெளிறி விறைப்பதும், நாக்கை வெளியே நீட்ட முடியாமல் போவதும் இந்நோயின் அறிகுறிகள்; ஆனால் இவற்றில் ஒன்றையும் அந்தப் பெயர் நோயாளிக்கு உணர்த்துவதில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். 'ஓரல்' என்பது வாய் சார்ந்ததைக் குறிக்கும் இலத்தீன் வழிச் சொல். 'சப்' என்றால் கீழே. 'மியூக்கஸ்' என்பது வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சளிச்சவ்வைச் சுட்டுகிறது. 'ஃபைப்ரா' என்றால் நார். 'ஓசிஸ்' என்பது நோய்நிலையைக் குறிக்கும் கிரேக்கப் பின்னொட்டு. ஆக, வாயின் சளிச்சவ்வுக்கு அடியில் நார்த்திசு மிகுதல் என்பதே நேர்ப்பொருள்.

இந்தப் பெயர் நிலைபெறுவதற்கு முன் வேறொரு பெயர் இருந்தது. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்நோயைக் கண்டு எழுதியபோது, வாய்ச்சவ்வு நலிவு என்ற பொருளில் ஒரு நீண்ட இலத்தீன் பெயரைச் சூட்டி, அதில் 'இடியோபதிக்கா', அதாவது காரணம் அறியப்படாதது, என்ற அடைமொழியையும் சேர்த்தார். மறு ஆண்டே பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ஜோஷி, அண்ணத்திலும் தொண்டைத் தூண்களிலும் காணப்படும் 'சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்' என்று எழுத, அப்பெயரே நிலைத்தது. 1966இல் டென்மார்க்கின் பின்ட்போர்க்கும் பம்பாயின் சிர்சாட்டும் தந்த வரையறை, அழற்சியும் நார்மாற்றமும் மேல்தோல் படலத்தை ஒட்டியே, சவ்வின் இணைப்புத்திசு அடுக்கில் நிகழ்வதாகக் கூறியது. அந்த அடுக்கு சளிச்சவ்வின் ஒரு பகுதியே அன்றி அதற்குக் கீழே இருப்பது அன்று. எனவே, 'சப்' என்ற முன்னொட்டே சற்றுப் பிசகானது. அதை அப்படியே பெயர்த்துச் 'சளிச்சவ்வடி' என்று எழுதினால் அந்தப் பிசகையும் சேர்த்தே கடன் வாங்குகிறோம்.

இந்நோய்க்குக் காரணம் பாக்கு. பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் காரப்பொருளும், சுண்ணாம்பு சேரும்போது அது சிதைந்து உண்டாகும் அரெக்கெய்டினும், நார்த்திசு அணுக்களைத் தூண்டிக் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைப் பெருக்குகின்றன. பாக்கில் மிகுந்திருக்கும் செம்போ, கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதியின் செயலை உயர்த்துகிறது. இப்படிப் பிணைந்த இழைகளை உடலால் எளிதில் கரைக்க முடியாததால், உண்டாவது மிகுந்தும் கரைவது குறைந்தும் கன்னம் பட்டை பட்டையாக இறுகுகிறது.

அரெக்கோலின் என்ற பெயருக்குள் ஒளிந்திருப்பது நம் பக்கத்துச் சொல்தான். மலையாளத்து 'அடக்க', தமிழின் 'அடைக்காய்' ஆகிய சொற்களைக் கேட்ட போர்த்துகீசியர் வழியாகவே 'அரெக்கா' ஐரோப்பாவை அடைந்தது. 'வெற்றிலை'யின் மலையாள வடிவமான 'வெற்றில'வே 'பீட்டல்' ஆயிற்று. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், உணவு முடித்த கோவலனுக்குக் கண்ணகி 'அம்மென் திரையலோடு அடைக்காய்' தருகிறாள். திரையல் என்பது வெற்றிலைச் சுருள். விருந்தின் நிறைவாக இருந்த சொல், கடல் கடந்து சென்று, ஒரு நச்சுப்பொருளின் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது.

புகையிலைதான் தீங்கு, வெறும் பாக்கால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை இன்றும் வலுவாக உள்ளது. ஆய்வுலகமும் அதைக் கடந்துவர நாளாயிற்று. உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருளை மட்டுமே புற்றூக்கி, அதாவது புற்றுநோயை உண்டாக்குவது, என்றது. 2004இல் வெளியிட்ட தொகுதியில்தான் பாக்கையே முதல் வகைப் புற்றூக்கியாக, அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியான பொருளாக, அறிவித்தது. எர்ணாகுளத்தில் இந்நோயாளிகள் 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 7.6 விழுக்காட்டினருக்கு வாய்ப்புற்று உண்டானது தெரியவந்தது. எனவே இதைப் புற்றுநோய் என்பதும் தவறு, வெறும் வாய்ப்புண் என்பதும் தவறு. இத்தகைய நோய்களைப் 'புற்றாகும் வாய்ப்புள்ளவை' என்று சில கட்டுரைகள் எழுதுகின்றன. தமிழில் வாய்ப்பு என்பது நல்லதற்கே பெரிதும் பயன்படும் சொல் என்பதால், 'புற்றாக மாறக்கூடியவை' என்பதே பொருந்தும்.

சிகிச்சை பாக்கை நிறுத்துவதில் தொடங்குகிறது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் திசுவை இளக்கும் ஹயலூரோனிடேஸ் என்னும் நொதியும் கலந்த ஊசிகள், நாள்தோறும் வாய்திறப்புப் பயிற்சி, முற்றிய நிலையில் நார்ப்பட்டைகளை அறுத்து அவ்விடத்தைக் கன்னத்துக் கொழுப்புத்திசுவால் மூடும் அறுவை என்பன வழிகள். இறுகிய சவ்வைப் பழைய நிலைக்கு முழுவதும் மீட்கும் மருந்து இல்லை. பாக்கை விட்ட பின்னும் புற்றின் அச்சம் முற்றிலும் நீங்குவதில்லை என்பதால் தொடர் சோதனை தேவை.

இனித் தமிழ்ப் பெயர். 'சளிச்சவ்வடி நார்த்திசுப் பெருக்கம்' துல்லியமாகத் தோன்றினாலும், மேலே கண்ட பிசகைச் சுமப்பதோடு, 'சளி' என்றதும் நோயாளி நெஞ்சுச்சளியை நினைப்பார். 'பெருக்கம்' என்பதோ கட்டி வளர்வதாக மிரட்டும். இங்கே நிகழ்வது வளர்ச்சியைவிட இறுக்கமே; ஆகவே 'வாய் நாரிறுக்கம்' என்பதை நான் முன்வைக்கிறேன். சிலிக்காத் தூசால் வரும் சிலிக்கோசிஸ், அஸ்பெஸ்டாஸ் இழைகளால் வரும் அஸ்பெஸ்டோசிஸ் ஆகிய நுரையீரல் நோய்கள் தம் காரணத்தைப் பெயரிலேயே தாங்கி நிற்பதுபோல, நோயாளியிடம் பேசும்போது 'பாக்கு நாரிறுக்கம்' என்றே சொல்லலாம். "நான் பாக்கு போடுவதில்லை, மாவாதான்" என்று சொல்லும் இளைஞருக்கு, மாவாவிலும் பான் மசாலாவிலும் இருப்பது அதே பாக்குதான் என்பதை எடுத்துச் சொல்ல அந்தப் பெயரிலிருந்தே தொடங்கலாம்.