உறைபனிக்கு முன்னால், வீட்டில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

குழாய் வேலையும் ஹீட்டர் வேலையும் பார்க்கிற எங்களுக்கு வருடத்தில் இரண்டு சமயம் ஃபோன் ஓயாது. முதல் உறைபனி விழும் சமயம் ஒன்று, பனி உருகத் தொடங்கும் சமயம் இன்னொன்று. முதல் சமயத்தில் கூப்பிடுகிறவர்களுக்கு வீடு சூடாகவில்லை. அடுத்ததில் கூப்பிடுகிறவர்கள், "சுவருக்குள்ளே தண்ணி ஓடுற சத்தம் கேக்குது" என்பார்கள். செலவு அதிகம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சூட்டைக் காப்பதுதான். ஜன்னல் ஓரத்தில் டேப், கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, கனமான திரை. எல்லாம் நல்லதுதான், பில் குறையும். ஆனால் வீட்டையே பதம் பார்ப்பது தண்ணீர். எனவே வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, அது உறைந்தால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகள் போதும்.

முதலில் வெளிச்சுவரில் இருக்கும் தோட்டத்துக் குழாய். அதில் மாட்டியிருக்கும் ஹோஸைக் கழற்றுங்கள். இதைச் சொன்னால், "எங்கள் வீட்டில் உறையாத வகைக் குழாய்தானே போட்டிருக்கிறோம்" என்று பதில் வரும். அந்த வகை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கைப்பிடி வெளியே இருந்தாலும், தண்ணீரை அடைக்கிற வாஷர் சுவருக்கு உள்ளே ஒரு சாணுக்கு மேல் தள்ளி, வீட்டுச் சூடு படும் இடத்தில் இருக்கிறது. மூடியதும் இடைப்பட்ட தண்ணீர் குழாய் வாய் வழியாக வடிந்துவிடும். உறைவதற்கு அங்கே தண்ணீரே இருக்காது, அவ்வளவுதான் சூட்சுமம். ஹோஸ் மாட்டியபடியே இருந்து, அதன் முனையும் மூடியிருந்தால், வடிய வழி ஏது?

தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கிறது. பனிக்கட்டி குழாயை நேராக நெம்பி உடைக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. ஓரிடத்தில் கட்டி அடைத்துக்கொண்டு வளர வளர, அதற்கும் மூடிய குழாய் முனைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழாய் வெடிப்பது அங்கே. அறுத்து எடுத்த செம்புக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தால் இது தெரியும். உறைந்த இடம் ஒழுங்காக இருக்கும். சற்றுத் தள்ளி ஓரிடம் லேசாக உப்பி, மீன் வாய் மாதிரி நீளவாக்கில் பிளந்திருக்கும். தோட்டத்துக் குழாயில் இந்தப் பிளவு வாஷருக்கு வெளிப்பக்கம் இருப்பதால் குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டு ஒழுகாது. வெயில் வந்த பிறகு கார் கழுவுவதற்காகத் திறப்பார்கள். பாதித் தண்ணீர் ஹோஸுக்குப் போகும், மீதி சுவருக்குள் இறங்கும். வெளியே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

பழைய வகைக் குழாய் என்றால் உள்ளே அதற்கென்று ஒரு வால்வ் இருக்கும். அதை மூடி, வெளிக்குழாயைத் திறந்து வடியவிட்டு, அப்படியே திறந்து வையுங்கள். புல்வெளிக்கு ஸ்பிரிங்க்ளர் போட்டிருப்பவர்கள், மண்ணுக்குள் இருக்கும் லைனில் காற்றை அடித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கம்ப்ரஸரின் அழுத்தம் பாலிஎத்திலீன் குழாய்க்கு 50 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு), பி.வி.சி.க்கு 80 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் இதை ஆள் வைத்துச் செய்துகொள்வதே மேல்.

வீட்டுக்குள்ளே கவனிக்க வேண்டியது வெளிச்சுவரை ஒட்டிய சிங்க். கடுங்குளிர் இரவில் அதன் கீழ் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், அறைச் சூடு குழாய்க்குப் போகட்டும். குழாயை நூல் மாதிரி ஒழுகவிடச் சொல்வதும் மேலே சொன்ன காரணத்துக்காகத்தான். உள்ளே உறைந்தாலும் அழுத்தம் ஏறாது. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். 13 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்து, மெயின் வால்வை மூடிவிட்டுக் கிளம்புங்கள். அந்த மெயின் வால்வ் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இப்போதே ஒருமுறை மூடித் திறந்தும் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வ், தண்ணீர் பீறிடும் நேரத்தில்தான் இறுகிக்கொண்டு மானத்தை வாங்கும்.

உறைந்தே போய்விட்டால்? குழாயைத் திறந்து வைத்துவிட்டு, ஹேர் டிரையரால் குழாய் முனைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து உள்நோக்கிச் சூடு காட்டுங்கள். நெருப்பு வேண்டவே வேண்டாம். தீ ஊதும் புளோ டார்ச் வைத்து உருக்கப் போய்ச் சுவரைப் பற்றவைத்தவர்கள் உண்டு.

அடுத்து கூரை. ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் தகரக் காடியில் இலை அடைத்திருந்தால் அள்ளிவிடுங்கள். ஆனால் கூரை ஓரத்தில் வருடா வருடம் பனிக்கட்டி அணை கட்டுகிறது, அறை மேல்தளம் ஒழுகுகிறது என்றால் காடியைச் சுத்தம் செய்து மட்டும் தீராது. வீட்டுச் சூடு பரணுக்குக் கசிந்து கூரையைச் சூடாக்குகிறது, மேலே உள்ள பனி உருகுகிறது, ஓரம் சில்லென்று இருப்பதால் அங்கே வந்ததும் மறுபடி உறைகிறது. அதன் பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து உள்ளே சொட்டுகிறது. பரண் கதவு, விளக்குப் பொருத்திய துளை, குழாய் ஏறும் சந்து இவற்றை அடைத்து, பரண் தரையில் இன்சுலேஷனை நிறைவாக நிரப்பி, பரணின் காற்றோட்டத்தைத் திறந்து வைப்பதுதான் வைத்தியம். ஏணியில் ஏறிக் கோடாரியால் பனியை வெட்டுவது கூரைக்கும் ஆபத்து, காலுக்கும் ஆபத்து. பரணுக்குப் போகிறபோது குளியலறை விசிறியின் குழாய் எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். ஈரக் காற்றைப் பரணிலேயே கொட்டிவிட்டுப் போன வேலையை நிறையப் பார்க்கிறோம். மரம் பூஞ்சை பிடித்துக் கறுத்திருக்கும்.

முற்றத்தில் வேலை அதிகமில்லை. சுவரை ஒட்டிய மண், முதல் 3 மீட்டருக்குள் 15 சென்டிமீட்டராவது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் அஸ்திவாரத்திலிருந்து எட்ட நீட்டியிருக்க வேண்டும். இலை உதிர்க்காத செடிகளுக்கு மண் உறையும் வரை தண்ணீர் விடுங்கள். அவை குளிரை விட வறட்சியில்தான் கருகுகின்றன. இலை வழியே ஈரம் போய்க்கொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேர் எடுக்க முடியாது. நடைபாதைக்குச் சாதாரண உப்பு வாங்கி வைப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் அது அவ்வளவாக வேலை செய்யாது. அப்போது மணல் தூவினால் வழுக்காமலாவது நடக்கலாம், செடிக்கும் கெடுதல் இல்லை.

தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். உயிர் போகிற விஷயம் வேறு இருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், பாய்லர், விறகு அடுப்பு எதுவானாலும், எரிகிற பொருள் சரியாக எரியாவிட்டாலோ புகை வெளியேற வழி இல்லாவிட்டாலோ கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று சளிக்காய்ச்சல் மாதிரியே தொடங்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலிக்கிறது, வெளியே போனால் சரியாகிறது என்றால் மாத்திரையைத் தேடாதீர்கள், ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

ஃபர்னஸை முதல் குளிருக்கு முன்னாலேயே சர்வீஸ் செய்துகொள்ளுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள், புகைபோக்கியைத் துடைக்க ஆளைக் கூப்பிடுங்கள். புதிய வகை ஃபர்னஸ்களில் புகை வெளியேறுவது பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் வழியாக. அது எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். பெரும்பனி கொட்டியதும், வாசல் பனியை அள்ளுவதற்கு முன்பே அந்தக் குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி எடுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரை வெளியே, ஜன்னல் கதவுகளுக்கு எட்டத்தில்தான் ஓட்ட வேண்டும். கார் ஷெட்டின் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்பது கணக்கில் சேராது.

படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும். பேட்டரி மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்கே ஆயுள் உண்டு, மாடலைப் பொறுத்து 5 முதல் 10 வருடம். கழற்றித் திருப்பினால் முதுகில் தேதி போட்டிருக்கும். அலாரம் அடித்தால் வாயு எங்கிருந்து வருகிறது என்று உள்ளே தேடிக்கொண்டிருக்காமல், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். வெளியே நின்றுகொண்டு தீயணைப்புத் துறைக்கு ஃபோன் போடுங்கள். அவர்கள் அளந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு உள்ளே போகலாம்.