28 லட்சம் வாக்குகள் கூடுதல், ஆனாலும் தோல்வி

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளின்டன், டொனால்ட் டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைக் கூடுதலாகப் பெற்றார். அதிபரானவர் டிரம்ப். 2000இல் அல் கோர் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் முன்னிலை பெற்றும் ஜார்ஜ் புஷ்ஷிடம் தோற்றார். இரண்டுக்கும் ‘தேர்வாளர் குழு’ முறைதான் காரணம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். கணக்கைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால், இரண்டும் வெவ்வேறு காரணங்களால் நிகழ்ந்தவை என்று தெரிகிறது.

முதலில் முறையைப் பார்ப்போம். அமெரிக்காவில் மக்கள் வாக்கு நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அது மாநிலந்தோறும் ‘தேர்வாளர்கள்’ என்போரைத் தேர்ந்தெடுக்கிறது; அவர்கள்தான் அதிபருக்கு வாக்களிக்கிறார்கள். நாடாளுமன்றத்தில், மக்கள்தொகைப்படி இடம் ஒதுக்கும் பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடங்களோ, அவற்றோடு இரண்டு செனட் இடங்களையும் கூட்டினால் அதன் தேர்வாளர் எண்ணிக்கை கிடைக்கும். தலைநகர் வாஷிங்டனுக்கு 3 பேர். மொத்தம் 538, வெற்றிக்கு 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களிலும், ஒரே ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போய்ச் சேருவார்கள்.

ஆக, மக்கள் வாக்கு இரண்டு இடங்களில் உருமாறுகிறது. ஒன்று, எல்லா மாநிலங்களுக்கும் சமமாகக் கிடைக்கும் அந்த இரண்டு செனட் இடங்கள். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 3 தேர்வாளர்கள். கிட்டத்தட்ட நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கு 54. வகுத்துப் பார்த்தால், வயோமிங்கில் சுமார் 1.9 லட்சம் பேருக்கு ஒருவர், கலிபோர்னியாவில் சுமார் 7.3 லட்சம் பேருக்கு ஒருவர். மற்றொன்று, வென்றவருக்கே அனைத்தும் என்ற விதி.

எது எந்தத் தேர்தலில் வேலை செய்தது? செனட் கணக்கில் வரும் இரண்டிரண்டு பேரை எல்லா இடத்திலும் கழித்துவிடுவோம். 2000இல் புஷ் 30 மாநிலங்களில் வென்று 271 பெற்றிருந்தார்; 60 போக 211. கோருக்கு உரிய 267இல், 20 மாநிலங்களுக்கும் தலைநகருக்குமாக 42 போக 225. கோர் வென்றிருப்பார்! அதே கழித்தலை 2016க்குச் செய்தால் டிரம்புக்கு 246, கிளின்டனுக்கு 190. முடிவு மாறவே இல்லை. சிறிய மாநிலங்களின் சலுகையைக் குறை சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

2016ஐத் தீர்மானித்தது இரண்டாவது விதி. கலிபோர்னியாவில் மட்டும் கிளின்டனின் முன்னிலை 42 லட்சத்துக்கும் மேல். அங்கே ஒரு வாக்கில் வென்றிருந்தாலும் அவருக்கு அதே 55 தேர்வாளர்கள்தான் (அப்போதைய எண்ணிக்கை அது). மிஷிகனில் டிரம்ப் முன்னிலை 10,704, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் சுமார் 44,000. மூன்றும் சேர்ந்து 78,000க்குள். அவை தந்ததோ 46 தேர்வாளர்கள்.

இரண்டு முறையும் வென்றது குடியரசுக் கட்சி என்றாலும், இந்த ஏற்பாடு ஒரே கட்சிக்குத்தான் சாதகம் என்றும் சொல்ல முடியாது. 2004இல் நாடு முழுவதும் புஷ் 30 லட்சம் வாக்குகள் முன்னிலையில் இருந்தார். ஆனால் ஒஹாயோவில் இருந்த 1.2 லட்சத்துக்கும் குறைவான இடைவெளி மறுபக்கம் சாய்ந்திருந்தால், அவரை எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரி அதிபராகியிருப்பார்.

இது 1787இல் பிறந்த முறை. அதன் வேர்களில் ஒன்று அடிமை முறை என்பதை மறைக்கக் கூடாது. அடிமைகளுக்கு வாக்குரிமை இல்லை. நேரடித் தேர்தல் வைத்தால் தென் மாநிலங்களின் பலம் குறையும். பிரதிநிதிகள் சபை இடங்களுக்கோ ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கிட்டார்கள். தேர்வாளர் எண்ணிக்கையும் அதை ஒட்டியே அமைந்ததால், வாக்களிக்க முடியாதவர்களின் தலைகளே அவர்களை அடிமைப்படுத்தியவர்களின் பலத்தைக் கூட்டின. வேதனையான கணக்கு இது.

ஆனால் வென்றவருக்கே அனைத்தும் என்பது அரசியலமைப்பில் இல்லை. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு அது விட்டுவிட்டது. 1800இல் தாமஸ் ஜெஃபர்சனுக்கு ஒரு தேர்வாளர்கூடத் தவறிவிடக் கூடாது என்பதற்காக வர்ஜீனியா, மாவட்டவாரியாகத் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கைவிட்டு இதற்கு மாறியது. தன் தேர்வாளர்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் மாநிலம் தன் செல்வாக்கைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதனால் மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1836க்குள் தென் கரோலினா தவிர எல்லாமே மாறிவிட்டன.

அப்படியென்றால் மெய்ன், நெப்ராஸ்காபோலத் தொகுதிவாரியாகப் பிரித்தால் சரியாகிவிடுமா? ஆகாது. 2012இல் பராக் ஒபாமா சுமார் 50 லட்சம் வாக்குகள் முன்னிலையில் வென்றார். அந்தத் தேர்தலை நாடெங்கும் தொகுதிவாரியாகக் கணக்கிட்டால், அவரை எதிர்த்த மிட் ராம்னி 274க்கு 264 என்று வென்றுவிடுகிறார்.

நேரடித் தேர்தலுக்காக அரசியலமைப்பைத் திருத்தும் முயற்சி 1969இல் பிரதிநிதிகள் சபையில் 338க்கு 70 என நிறைவேறியும் மறு ஆண்டு செனட்டில் முடங்கிப்போனது. இப்போது நடப்பது வேறு வழி: நாடு முழுவதும் அதிக வாக்கு பெற்றவருக்கே எங்கள் தேர்வாளர்களைத் தருவோம் என்று மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. உறுப்பு மாநிலங்களின் கூட்டுத்தொகை 270ஐத் தொட்டால்தான் அது நடைமுறைக்கு வரும். 2024இல் மெய்ன் சேர்ந்தபோது அந்தத் தொகை 209 ஆனது. அதுவரை சேர்ந்த மாநிலங்கள் எல்லாமே 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சியின் பக்கம் நின்றவை. அப்போது மீதியிருந்த 61 பேருக்கு, எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலங்களின் சட்டமன்றங்களும் சம்மதித்தாக வேண்டியிருந்தது.